தேர்வுக்கு வராத பாடம்

அங்கன ஈரமா கெடக்கு அண்ணாச்சி, யாரோ தண்ணியக் கொட்டிட்டாவ. இங்கன வாங்க, நான் தள்ளிக்கிடுதேன். உங்களுக்கு என்ன, பட்டா மாறுதலா? வாரிசுச் சான்றிதழா? சரி, சரி. எதுவா இருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். இந்த ஆர்டிஓ வேகமான ஆளு. வேகமான ஆளுன்னா கெட்டவருன்னு அர்த்தம் இல்ல, நான் அப்படிச் சொல்லல. தங்கமான மனுஷன். ஒரு வாழப்பழம் குடுத்தாக்கூட வாங்க மாட்டாரு. வாங்குத ஆளா இருந்தா ஏதோ ஒரு வழி உண்டு. இவருகிட்ட அதுவும் கெடையாது.

இந்தப் பைய எதுக்கு மடியில இறுக்கிக்கிட்டு இருக்கேன்னு பாக்கியளா? சுகர் மாத்திர இருக்கு அண்ணாச்சி, அதான்.

பொய் எதுக்கு, பயம்தான். ஒரு வாரமா இப்படித்தான். ராத்திரியில்ல, பகல்லதான் ரொம்ப. வாசல்ல ஒரு ஜீப் சத்தம் கேட்டா எந்திரிச்சு உள்ள போயிருதேன். அறுபத்தேழு வயசுல பாத்ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு நிக்கேன், வீட்டுக்காரி வெளிய நின்னு "ஏங்க, பால்காரரு வண்டிதாங்க"ங்கா.

என் பேரு ஆசீர்வாதம். முப்பத்தோரு வருஷம் காலேஜுல அரசியல் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவன். எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, வேண்டாம்.

வெளிய வேப்பமரத்தடியில ஒரு கூட்டம் நிக்கில்லா? அவங்க நம்ம ஆளுகதான். குளத்துக்கரையில நாப்பத்தோரு வீடு. பட்டா உண்டு, தீர்வை ரசீது உண்டு, முப்பது வருஷமா கரண்டு உண்டு. ரோட்ட அகலப்படுத்தணும்னு நாளைக்குக் காலையில இடிக்காவ. மாத்து இடம் குடுத்திருக்குன்னு உத்தரவுல போட்டிருக்கு. எந்த இடம் தெரியுமா? பழைய கல்லுவெட்டாங்குழி. மழ பெஞ்சா கழுத்தளவு தண்ணி நிக்கும். போன கார்த்திகையில ரெண்டு ஆடு முங்கிச் செத்துது. அதுக்கு முந்தின வருஷம் ஆடு இல்ல, ஒரு மனுஷன். அங்கதான் குடியிருக்கணுமாம்.

ஆட்சேபண சொல்ல இன்னைக்குத்தான் கடைசி நாள். அவங்களுக்காகப் பேச வந்திருக்கது நான். என் வீடு அதுல இல்ல பாத்துக்கிடுங்க. என் வீடு அடுத்த தெரு, கெட்டி வீடு. காம்பவுண்டுச் சுவரு தெருவுக்குள்ள ரெண்டடி வந்திருக்குன்னு ஒரு பேச்சு உண்டு. அது பேச்சுதான்.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லல்லா? அப்பச் சொல்லுதேன். யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு மூச்சு வரும். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது, அந்தமட்டுக்கும் நல்லது. பேரச் சொல்லிட்டேனோ? சரி, மறந்துருங்க.

இந்த மஞ்சப்பையில ஒரு புத்தகம் இருக்கு. வெளிய எடுக்க வேண்டாம், அந்தப் பியூன் இந்தப் பக்கம்தான் பாக்கான். இங்கிலீஷ் புத்தகம். பேரு வேண்டாம், பெரிய பேரு. எழுதி முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எழுதின ஆளு காலத்துல அவன் நாட்டுல ஒருத்தன ஒருத்தன் வெட்டிக்கிட்டுக் கெடந்தான். இவன் பயந்துபோயி வெளிநாட்டுக்கு ஓடி, அங்க உக்காந்து எழுதினது. இன்னைக்கும் உலகத்துல எவன் அரசாங்கம், அதிகாரம்னு பேச வந்தாலும் இந்தப் புத்தகத்த ஒரு தட்டு தட்டிட்டுத்தான் மேல போகணும். விஷயம் என்னன்னா, மனுஷனுக்கு மனுஷன் பயம். அந்தப் பயத்துல எல்லாரும் அவனவன் அதிகாரத்த ஒரு இடத்துல கொண்டுபோயிக் குடுத்து, "எங்க உசிரக் காப்பாத்து, நாங்க கட்டுப்பட்டு இருக்கோம்"னு ஒப்புக்கிடுதாவ. அதுதான் அரசாங்கம். இது முன்பாதி.

பின்பாதி ஒண்ணு இருக்கு. அதுக்கு வாரேன், பொறுங்க.

எண்பத்தேழுல பிச்சுமணின்னு ஒருத்தரு அச்சாபீஸ் வச்சிருந்தாரு. தபால்ல படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்ல ஒரு கைடு எழுதிக் குடுங்கன்னு வந்து நின்னாரு. காலேஜ் வாத்தியாரு கைடு எழுதக் கூடாதுன்னு விதி. அதனால மு. பாரிவேள்னு ஒரு பேரு வச்சிக்கிட்டேன். காலேஜ் லைப்ரரியில இந்தப் புத்தகம் ஒரே ஒரு காப்பிதான். எடுத்தேன், திருப்பிக் குடுக்கல. திருடிட்டேன்னு நெனச்சிராதீங்க, பத்திரமா இருக்கட்டும்னு வச்சிக்கிட்டேன். அதுக்கப்புறம் அங்க யாரும் அதக் கேக்கவும் இல்ல. கேட்டாலும் இல்லல்லா.

அச்சாபீஸுல ஒரு மொறை உண்டு. பெரிய தாள மடிச்சு, பதினாறு பக்கம் பதினாறு பக்கமாத்தான் அடிப்பாவ. அதுக்குப் பாரம்னு பேரு. ஆறு பாரத்துல கைட முடிக்கணும்னு பேச்சு. நான் எழுதிக்கிட்டே போறேன், இந்தப் புத்தகத்தோட முன்பாதி முடியும்போது இன்னும் ஒன்றரைப் பக்கம்தான் இடம். பின்பாதிக்கு நாலு பக்கமாவது வேணும். பிச்சுமணி கேட்டாரு, "சார்வாள், நாலு பக்கத்துக்காக ஏழாவது பாரமா? அதுலயிருந்து கேள்வி வருமா?" எட்டு வருஷக் கேள்வித்தாளப் பொரட்டிப் பாத்தேன். ஒண்ணுகூட வரல. "அப்ப விட்டுருங்க"ன்னாரு. விட்டுட்டேன்.

மிச்சம் ஒன்றரைப் பக்கம் வெறுமனே இருக்கக் கூடாதுன்னு ஒரு உதாரணம் எழுதினேன். படகுல ஏறிட்டவன் நடு ஆத்துல ஓடக்காரன மாத்த முடியாது, அதேபோல ஒப்புதல் குடுத்துட்ட குடிமகன் அதத் திரும்பக் கேக்க முடியாதுன்னு. இது அந்த வெள்ளக்காரன் சொன்னதில்ல அண்ணாச்சி. அச்சாபீஸுல டீ குடிச்சிக்கிட்டே நான் எழுதினது. பக்கத்துல ரெண்டு ஸ்டார் போட்டேன். ரெண்டு ஸ்டார்னா கேள்வி அடிக்கடி வரும்னு அர்த்தம்.

புதுசா எழுதினது எப்படி அடிக்கடி வரும்னு கேப்பிய. அடுத்த வருஷம் கேள்வித்தாள் எடுக்குற குழுவுல நான் இருந்தேன்லா!

அதுக்கப்புறம் பாருங்க, கேள்வி எடுக்கிறவங்க கைடப் பாத்து எடுக்காவ. கைடுல பின்பாதி கெடையாது, அதனால கேள்வி வராது. கேள்வி வரலங்கிறதால எந்த வாத்தியாரும் நடத்தல. பத்து வருஷம் கழிச்சுப் பாடத்திட்டத்தத் திருத்துதப்போ, "இந்தப் பகுதிய யாரும் நடத்துறதே இல்ல, எடுத்துருவோம்"னு ஒரு தீர்மானம். கையெழுத்துப் போட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அன்னைக்கு மத்தியானம் நல்ல சாப்பாடு போட்டாவ.

கைடு பத்தொம்பது பதிப்பு போயிருக்கு. காலேஜ் பிள்ளைக மட்டும் இல்ல, சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிறவங்க பூரா அதத்தான் படிச்சாவ. கிராம அதிகாரி, தாலுகா ஆபீஸ் கிளார்க்கு, ஸ்டேஷன் ரைட்டரு, ஒருத்தர் பாக்கியில்ல. முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. ஒரு நாள் கரண்டு ஆபீஸுல மீட்டர மாத்தச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பிள்ள, "சார், கனெக்‌ஷன் வாங்கும்போதே எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டுத்தான கையெழுத்துப் போட்டிய? நடு ஆத்துல ஓடக்காரன மாத்த முடியுமா?"ன்னா. சிரிச்சேன். ரேஷன் கடையில ஒருத்தன் சொன்னான். அதுக்கும் சிரிச்சேன். ஒரு போலீஸ்காரரு வண்டியப் புடிச்சு வச்சிக்கிட்டுச் சொன்னாரு பாருங்க, அன்னைக்குத்தான் கொஞ்சம் குளிரு எடுத்துச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்லுவாவல்லா? இந்த ஜில்லாவுல நாற்காலியில உக்காந்திருக்கவனப் பூரா எனக்குப் பாரிவேளாத்தான் தெரியுது.

வீட்டுல நான் அப்படியெல்லாம் கெடையாது. கிரேஸ், என் வீட்டுக்காரி, ஒரு நாளும் எதுத்துப் பேசினதில்ல. அவ தங்கச்சி நாகர்கோவில்ல இருக்கா, போயி ஆறு வருஷம் ஆச்சு. ஒரு தடவ கேட்டா, வேண்டாம்னேன். அப்புறம் அவ கேக்கவே இல்ல. எங்க வீட்டுல சண்டன்னு ஒண்ணு வந்ததே இல்ல அண்ணாச்சி.

எங்க விட்டேன்? ஆங், போன திங்கக்கிழம.

இதே ஆபீஸ்தான், உள்ள இருக்கிற அந்தப் பெரிய ரூம். கரைக்காரங்க இருவது பேரு, முன்னால நான். ஆர்டிஓ உக்காரச் சொன்னாரு. எனக்கு மட்டும் நாற்காலி, மத்தவங்க நிக்காவ. சுடலைவடிவுன்னு ஒரு பொம்பள, பீடி சுத்துறவ, அம்பது வயசு இருக்கும். அவதான் எல்லாத்துக்கும் முந்தி வாயத் தொறந்தா. "சார், ஓட்டுப் போட்டு உங்க அரசாங்கத்த ஒக்கார வச்சதே எங்களக் காப்பாத்தத்தான. முங்கிச் சாகுற குழியில கொண்டு விட்டா எப்படி சார்?"ன்னா.

ஆர்டிஓ கோவப்படல. கோவப்பட்டிருந்தாக்கூடத் தேவல. பேனாவ மூடி வச்சிட்டு, சிரிச்ச முகமா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லுதாரு: "அம்மா, படகுல ஏறிட்டவன் நடு ஆத்துல ஓடக்காரன மாத்த முடியாது. ஒப்புதல் குடுத்துட்ட குடிமகன் அதத் திரும்பக் கேக்க முடியாது."

அப்படியே அண்ணாச்சி. ஒரு எழுத்து மாறல.

சுடலைவடிவு விடல. "படகு ஓட்டையா இருந்தா என்ன சார் செய்ய? ஓட்டப் படகுல ஏத்திவிட்டுட்டு எறங்கக் கூடாதுன்னா, அவன் ஓடக்காரனா, கொலகாரனா?"ன்னு கேட்டா. ஆர்டிஓ அவளப் பாக்கல, என்னப் பாத்தாரு. "சார், நீங்க இந்தப் பாடம் நடத்தினவரு. நான் சொல்லுறது கொள்கைப்படி சரிதானே?"ன்னாரு.

அவ்வளவு பேரும் என்னப் பாக்காவ.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "சார், அந்த வரிய எழுதினவன் நான்தான். அது பாதிதான். மீதிய நான் விட்டுட்டேன்"னு சொல்லியிருக்கணும். சொன்னா மு. பாரிவேள் யாருன்னு கேள்வி வரும். காலேஜ் விதிய மீறினவன்னு பென்ஷன் பைலத் தோண்டுவாவ. சுவர அளக்க வருவாவ. இதெல்லாம் நான் யோசிச்சனான்னா, யோசிக்கல. இப்ப உக்காந்து யோசிக்கேன். அப்ப அவரு கண்ணப் பாத்தேன், வாயி தானா தொறந்துச்சு.

"சரிதான் சார்"னேன்.

அன்னைக்குச் சாயந்திரமே கரையில மூணு வீட்டுல ஓடு பிரிக்க ஆரம்பிச்சிட்டாவ. "சார்வாளே சரின்னு சொல்லிட்டாவ, அப்பச் சட்டம் அப்படித்தான் போல"ன்னு பேச்சு. இதத்தான் என்னால தாங்க முடியல. ஆர்டிஓ சொன்னதுக்கு அவங்க மசியல, நான் சொன்னதுக்கு மசிஞ்சிட்டாவ. மறுநாள் காலையில சுடலைவடிவு என் வீட்டு வாசலுக்கு வந்தா. உள்ள வரல, கேட்டுக்கு வெளியவே நின்னா. "சார்வாள், நீங்க படிச்ச பெரிய புத்தகத்துல எங்கள மாதிரி ஆளுகளப் பத்தி ஒண்ணும் போடலியா?"ன்னு கேட்டா. "இல்லம்மா"ன்னேன்.

அவ போன பெறகு டிரங்குப் பெட்டியிலருந்து இதத் தேடி எடுத்தேன். எடுத்துப் பாத்தா, பின்பாதிப் பக்கமெல்லாம் ஓரம் ஒட்டிக்கிட்டு இருக்கு. பழைய காலத்துப் புத்தகம், பக்கத்த வெட்டாம தச்சிருக்கான். பிளேட வச்சு ஒவ்வொண்ணா அறுத்தேன். உங்ககிட்டச் சொல்லுறதுக்கு என்ன, முப்பத்தெட்டு வருஷமா நான் அதப் படிச்சதே இல்ல. பொருளடக்கத்துல தலைப்ப மட்டும் பாத்துட்டு, முக்கியம் இல்லன்னு முடிவு கட்டினவன். எனக்கு முன்னாலயும் யாரும் படிக்கல. அந்தப் பின்பாதிய முதல்ல தொறந்தவன் நான்தான், அதுவும் போன செவ்வாக்கிழம மத்தியானம்.

என்ன இருந்துச்சு தெரியுமா? காப்பாத்துத வரைக்கும்தான் கட்டுப்பாடு, காப்பாத்த முடியாதவனுக்கு எவனும் கட்டுப்பட வேண்டியதில்லன்னு இருக்கு. சாகப் போன்னு சொன்னா, போக மாட்டேன்னு சொல்ல எந்த மனுஷனுக்கும் உரிம உண்டுன்னு இருக்கு. சுடலைவடிவு கேட்டாளே, ஓட்டப் படகு, அதேதான். அவ படிச்சது மூணாங்கிளாஸ். நான் தரையில உக்காந்து அழுதுட்டேன் அண்ணாச்சி. கிரேஸ் வந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்காம போயிட்டா. எங்க வீட்டுல எதையும் கேக்குற பழக்கம் இல்லல்லா.

அதான் இன்னைக்கு வந்தேன். உள்ள போயி, இந்தப் பக்கத்த விரிச்சு அவரு மேச மேல வச்சு, "சார், நீங்க படிச்சது பாதி. இந்தா மீதி"ன்னு சொல்லப் போறேன். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன். நல்லா வந்துச்சு. பஸ்ஸுல வரும்போதும் சொல்லிப் பாத்தேன். ரெண்டு வரிதான். அவரு நேர்மையான மனுஷன், படிச்சதுக்குக் கட்டுப்படுற ஆளு. மீதியையும் படிச்சார்னா ஒரு வேள நிறுத்தி வச்சாலும் வைப்பாரு. நாளைக்குக் காலையில இடிக்கிற மிஷின் வராது. நாப்பத்தோரு வீடு அண்ணாச்சி, ரெண்டு வரிக்கு.

என் டோக்கனா? பதினேழு.

இப்ப எத்தன ஓடுதுன்னா... முப்பத்திரெண்டு. ஆமா. பதினேழு கூப்பிட்டாச்சு. பத்தர மணிக்கே கூப்பிட்டாவ, மூணு தடவ கூப்பிட்டாவ. நான் செருப்பப் பாத்துக்கிட்டு இருந்தேன். கால் எந்திரிக்கல. நான் எந்திரின்னுதான் சொன்னேன், அது எந்திரிக்கல. இப்பவும் போகலாம், பியூன்கிட்ட ஒரு வார்த்த சொன்னா விட்டுருவான். போகத்தான் போறேன். இந்த முப்பத்திமூணு உள்ள போயிட்டு வரட்டும்.

ஐயோ, சுடலைவடிவு வாரா. இந்த மஞ்சப்பையப் புடிங்க, அந்தப் பக்கம் வைங்க.

வாம்மா, வா... இல்லம்மா, இன்னும் கூப்பிடல. கூட்டம் ஜாஸ்தி... என்னம்மா? இல்ல, நீ எதுக்கு, நான்தான் பேசுதேன்னு... ம்... ம்...

கேட்டியளா அண்ணாச்சி? என்ன சொல்லிட்டுப் போறான்னு கேட்டியளா? "நீங்க இருங்க சார்வாள், நானே கேட்டுக்கிடுதேன். அன்னைக்கு நீங்க சரின்னு சொன்னது அவருக்குப் பயந்துதான்னு எனக்குத் தெரியும். நான் கரையில யாருகிட்டயும் சொல்லல. உங்க பேரு கெட்டுரக் கூடாதுல்லா"ங்கா. "பயப்படுறது தப்பில்ல சார், எனக்கும் பயமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போறா பாருங்க. டோக்கன் இல்ல ஒண்ணும் இல்ல, பியூனத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டா.

அவளுக்கும் பயமாத்தான் இருக்காம்.

கதவு தொறந்துதான் கெடக்கு, கேளுங்க. அவ சத்தம்தான். குழியப் பத்திச் சொல்லுதா. ஆட்டப் பத்திச் சொல்லுதா. அவ கொழுந்தன் செத்ததச் சொல்லுதா. ஆமா, அந்த மனுஷன் அவ கொழுந்தன்தான். இப்ப அவரு பேசுதாரு. மெதுவாத்தான் பேசுதாரு... என்னங்காரு? "உங்க ப்ரொஃபசரே அன்னைக்கு ஒத்துக்கிட்டாரே அம்மா, அவரக் கூப்பிடுங்க. அவரு மாத்திச் சொன்னா நான் நாளைக்கு நிறுத்தி வைக்கேன்"ங்காரு.

மாத்திச் சொன்னா நிறுத்தி வைக்காராம்.

பியூன் வாரான். இங்கதான் வாரான். போன திங்கக்கிழம இவன் இல்ல, என்னய அவனுக்கு முகம் தெரியாது, பேருதான் தெரியும். "ஆசீர்வாதம் சார் யாரு?"ன்னு கேக்கான். எல்லாரும் திரும்பிப் பாக்காவ. நான் குனிஞ்சுக்கிடுதேன். நீங்க அங்கன பாருங்க அண்ணாச்சி, என்னப் பாக்காதீங்க.

அண்ணாச்சி, என்ன செய்யிறிய? கைய எதுக்குத் தூக்குதிய? யாரக் காட்டுதிய? அவன் பாத்துருவான். உங்களுக்குப் புண்ணியமாப் போகும் அண்ணாச்சி, கைய எறக்குங்க. கைய எறக்குங்க.